75 நகர்த்தல்களில் ஒன்றாவது அச்சில் வந்திருக்கலாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நம் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், ஜார்ஜியாவின் பாத்துமி நகரில் நடந்த மகளிர் உலகக் கோப்பை செஸ் போட்டியில் கோனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் மோதிய இறுதிச் சுற்றைப் பற்றி அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. திவ்யா தேஷ்முக் தன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழும் படம், பரிசுத் தொகை, தலைவர்களின் வாழ்த்து, இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் (செஸ்ஸில் மிக உயர்ந்த பட்டம்) என்ற விவரம் எல்லாம் இருந்தது, எதிலும் பிழை இல்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி எத்தனை வரி இருந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. "ஹம்பி செய்த தவறைப் பயன்படுத்திக்கொண்டு திவ்யா வென்றார்." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தை நாங்கள் வீட்டில் முழுக்கப் பார்த்தோம். 2025 ஜூலை 28, திங்கட்கிழமை. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில் நேரலை ஓட, என் மகள் தரையில் பலகையை விரித்து, அங்கே ஒரு காய் நகர்ந்தால் இங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், மாவட்ட அளவில் ஆடுகிறாள். பக்கத்தில் நாற்காலியில் என் அப்பா. குக்கர் நான்கு விசில் அடித்து, நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் நிலைமையே மாறியிருந்தது, "அம்மா, ஹம்பிக்கு நேரமே இல்ல" என்று கத்தினாள்.

அது எப்படிப்பட்ட ஆட்டம் என்பதை, தாமதமானாலும் பரவாயில்லை, நம் வாசகர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீண்ட நேர ஆட்டங்கள், இரண்டும் டிரா. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடிய திவ்யாவுக்கு 14-ஆவது நகர்த்தலிலேயே நல்ல வாய்ப்பு வந்து கைநழுவிப் போனது, 41 நகர்த்தலில் டிரா. இரண்டாவது 34 நகர்த்தலில் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை டை-பிரேக்கர், அதாவது சமநிலையை முறிக்க வைக்கிற வேக ஆட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். இந்த 15 நிமிட ஆட்டத்துக்கு ரேபிட் என்று பெயர். முதல் ரேபிட் ஆட்டம் 81 நகர்த்தல் வரை இழுத்து அதுவும் டிரா. அப்புறம்தான் அந்தக் கடைசி ஆட்டம்.

அதில் வெள்ளை ஹம்பிக்கு. கட்டலன் தொடக்கம். செஸ் ஆடாதவர்களுக்குச் சொல்வதென்றால், ராஜா பக்கத்து மந்திரியை ஓரமாகக் கொண்டுவந்து, பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கோணல் வரிசையைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, அவசரப்படாமல் எதிராளியை நெருக்கிக்கொண்டே போகிற ஆட்டம் இது. பொறுமைசாலிகளின் ஆட்டம், ஹம்பிக்கு ரொம்பவே பொருந்துகிற ஆட்டம். வெள்ளை கையில், அனுபவம் கையில், எதிரே 19 வயதுப் பெண். முக்கால்வாசிப் பேர் ஹம்பி பக்கம்தான் பணம் கட்டியிருப்பார்கள்.

திவ்யா அந்த நெருக்கடியை உள்ளே விடவே இல்லை. நிலை சமமாகவே போய்க்கொண்டிருந்தது, ஓடியது கடிகாரம்தான். 40-ஆவது நகர்த்தலில் ஹம்பி தன் ராஜாவுக்கு முன்னால் இருந்து கிளம்பிய ஈ வரிசைச் சிப்பாயை நான்காம் கட்டத்துக்குத் தள்ளினார். தெரிந்தே கொடுக்கிற சிப்பாய் அது. என் மகள் அங்கே கையை எடுத்துவிட்டாள். "ஏம்மா இதக் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. அப்பாதான், "டிரா பண்ணினா அடுத்து 10 நிமிஷ ஆட்டம், அதுக்கப்புறம் 5 நிமிஷ ஆட்டம், நேரம் குறையக் குறைய சின்னப் பொண்ணுக்குத்தான் வசதி, இப்பவே முடிச்சிடலாம்னு பாக்கறா" என்றார். அது சரியான காரணமோ இல்லையோ, ஹம்பியின் மனசுக்குள் போய் யார் பார்த்தது. ஆனால் அந்த ஒரு சிப்பாயை வைத்து எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நகர்த்தல் உங்கள் செய்தியில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் எழுதிய "தவறு". ஒரு தவறு இல்லை ஐயா, இரண்டு பக்கமும் மாறி மாறித் தடுமாறினார்கள். காய்கள் குறைந்துபோன முடிவாட்டத்தில் திவ்யாவின் கைக்கு வந்த வெற்றி ஒரு கட்டத்தில் வழுக்கியது, ஹம்பிக்கு டிரா செய்யும் வழி திரும்பக் கிடைத்தது, சில நகர்த்தல்களில் அதுவும் போயிற்று. 75-ஆவது நகர்த்தலோடு ஹம்பி தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். இதெல்லாம் கடிகாரத்தில் விநாடிகளை வைத்துக்கொண்டு நடந்தது. பத்து விநாடி என்றால் எவ்வளவு என்று பலகை முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எதிராளி நகர்த்தியதைப் பார்க்க இரண்டு விநாடி, நாம் முடிவெடுத்த பிறகு கையை நீட்டிக் காயை வைத்துக் கடிகாரத்தைத் தட்ட இன்னும் இரண்டு விநாடி, நடுவில் மிச்சமிருக்கிற ஆறு விநாடியில்தான் யோசனையெல்லாம். அதே யோசனையை முப்பது முறை, நாற்பது முறை தொடர்ந்து செய்ய வேண்டும், ஒரு முறை சறுக்கினால் மூன்று வாரம் ஆடியது போச்சு.

போன வருஷம் எங்கள் மாவட்டப் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்று. என் மகளிடம் ஒரு சிப்பாய் கூடுதல், கடிகாரத்தில் பதினெட்டு விநாடி. பெற்றோரை உள்ளே விடவில்லை, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் காயைத் தொட்டு நகர்த்திவிட்டு, கடிகாரத்தைத் தட்ட மறந்துவிட்டாள். மறந்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெளியிலிருந்து தெரிகிறது, கத்தக் கூடாது. விநாடி ஓடி முடிந்தது. வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் ஆடினேன்மா" என்றாள், நிஜமாகவே நன்றாகத்தான் ஆடியிருந்தாள். அடுத்த நாள் முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் மட்டும் இருந்தது. உங்கள் செய்தியில் ஹம்பிக்குப் போட்டிருந்த ஒற்றை வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பூஜ்யம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக சாம்பியன் ஆனார் இல்லையா, அதுவும் கடைசி ஆட்டம்தான், 14-ஆவது ஆட்டம், அதிலும் வென்றவர் கறுப்புக் காய்தான். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முடிவாட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு நம் பத்திரிகை அந்த நிலையைப் பலகைப் படமாகவே போட்டது. எந்தக் கட்டத்தில் யானை, குகேஷ் என்ன பார்த்தார், ஏன் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சுகிற ஆட்டத்தில் வெள்ளை தோற்கும் என்று ஒரு பத்தி விளக்கமும் இருந்தது. அருமையாக எழுதியிருந்தார்கள். என் மகள் அதை வெட்டி அவளுடைய மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள், இன்னும் இருக்கிறது. டிங்கின் தவறும் ஹம்பியின் தவறும் ஒரே வகைதான். பல மணி நேரம், பல நாள் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் எதிராளி எங்கேயோ ஓரிடத்தில் தடுமாறுவார், தடுமாறும் நொடியில் அதைப் பிடிக்கத் தெரிய வேண்டும். குகேஷ் பிடித்ததற்குப் பலகைப் படம், திவ்யா பிடித்ததற்கு அழுகைப் படமா? நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இரவு நேரத்தில் பக்கம் முடிக்கிற அவசரத்தில் ஏஜென்சி அனுப்பியதை எடுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனாலும் வீட்டில் ஒரு பெண் குழந்தை இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறாள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அழுததை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் சேர்ந்துதான் அழுதேன். அந்தப் பெண் பாத்துமிக்குக் கிளம்பும்போது கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்ம்கூட (போட்டியில் அந்தப் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடினால் கிடைக்கும் தகுதி) இல்லை. மற்றவர்கள் மூன்று நார்ம் சேர்த்து, 2500 ரேட்டிங்கைத் தொட்டு வாங்குகிற பட்டம் அது. கோப்பையை வென்றவருக்கு நேரடியாகப் பட்டம் என்ற விதி இருந்ததால் ஒரே போட்டியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். போட்டியின் தரவரிசையில் 15-ஆம் இடத்தில் போனவர், வழியில் சூ ஜினெர், நம் ஹரிகா, முன்னாள் உலக சாம்பியன் டான் சோங்யி என்று ஒவ்வொருவராகத் தாண்டியிருக்கிறார். டான் சோங்யியோடு ஆடிய ஆட்டம் 101 நகர்த்தல். அதையெல்லாம் தாண்டி வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் அழுகை வராது.

ஹம்பியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் மனசு கஷ்டம். உங்கள் செய்தியின் கடைசியில் "ஒரு தலைமுறை விடைபெறுகிறது" என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள். யார் விடைபெற்றது? 38 வயதில் ஒருவர் அரையிறுதியில் சீனாவின் லெய் டிங்ஜியோடு நீண்ட ஆட்டம் இரண்டும் டிரா, 15 நிமிட ஆட்டம் இரண்டும் டிரா, 10 நிமிட ஆட்டத்தில் முதலாவதைத் தோற்று அடுத்ததைக் கட்டாயம் ஜெயிக்க வேண்டும் என்ற நிலையில் ஜெயித்து, அப்புறம் 5 நிமிட ஆட்டம் இரண்டையும் ஜெயித்து, 5-3 என்று இறுதிக்கு வந்தார். நேரம் குறைந்தால் சின்னவர்களுக்குத்தான் வசதி என்று அப்பா சொன்னாரே, நான்கு நாளுக்கு முன்னால் ஹம்பி அதைப் பொய்யாக்கித்தான் வந்திருந்தார்.

2002-இல் 15 வயதில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவ்வளவு சின்ன வயதில் எந்தப் பெண்ணும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. திவ்யா பிறந்தது 2005 டிசம்பரில். அதாவது எதிரே உட்கார்ந்திருந்த பெண் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே இவர் கிராண்ட்மாஸ்டர். 2011-இல் அல்பேனியாவின் டிரானாவில் ஹோ யிஃபானோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, மூன்று தோல்வி, ஐந்து டிரா. அதோடு முடிந்தது என்றுதான் அப்போதும் எழுதினார்கள். அப்புறம் கல்யாணம், 2017-இல் குழந்தை. 2019-இல் மாஸ்கோவில் உலக ரேபிட் சாம்பியன், இதே லெய் டிங்ஜியை டை-பிரேக்கரில் தாண்டி. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் மறுபடியும் உலக ரேபிட் சாம்பியன். குழந்தை பிறந்து இரண்டு வருஷத்தில் உலகப் பட்டம் என்றால் அதற்குப் பின்னால் எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அலுவலக வேலைக்குத் திரும்பவே ஒன்றரை வருஷம் ஆயிற்று. இந்தத் தோல்வியோடும் அவர் எங்கேயும் போய்விடவில்லை. முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு, உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 2026 கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி உண்டு, திவ்யா, ஹம்பி இருவருமே அந்தத் தகுதியைப் பெற்றார்கள்.

பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள், 50,000 டாலர். சரிதான். 2023 பாகு உலகக் கோப்பையின் பொதுப் பிரிவில் ஜெயித்த கார்ல்சனுக்கு 1,10,000 டாலர் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருந்தால் படிப்பவர்களுக்குக் கணக்குப் புரிந்திருக்கும். அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆட்டத்தை அச்சிடுங்கள். முழு ஆட்டம், முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை, நடுவில் ஒரே ஒரு பலகைப் படம். 75 நகர்த்தலை எழுதினால் உள்ளங்கை அகலம்தான் வரும், ஒரு நகை விளம்பரத்தில் கால்வாசிகூட இல்லை.

என் அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, கோடு போட்ட கணக்கு நோட்டு. 1972-இல் ரேக்யவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்கு ஆடிய ஆட்டங்கள் பத்திரிகையில் வந்தபோது, நூலகத்தில் உட்கார்ந்து பேனாவால் எழுதி எடுத்தது. அப்போது வேறு குறிமுறை, "பி-கே4" என்று ஆங்கில எழுத்தில் எழுதுவார்களாம், இப்போது குழந்தைகள் "ஈ4" என்று ஒரே தட்டில் எழுதிவிடுகிறார்கள். தாள் பழுப்பேறிவிட்டது, ஓரிடத்தில் காபி வட்டம். அவருக்குப் பயிற்சியாளர் கிடையாது, புத்தகம் வாங்கப் பணம் கிடையாது, செஸ் கற்றுக்கொண்டது அந்த நோட்டிலிருந்துதான், அவரிடமிருந்து நான் காய்களின் போக்கைக் கற்றுக்கொண்டேன், இப்போது பேத்தியும் அவரோடுதான் ஆடுகிறாள். போனில் எல்லாம் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் போனில் ஆட்டத்தைத் திறந்தால் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் மதிப்பெண் ஏறி இறங்குகிறது, ஹம்பி நகர்த்திய மறு விநாடி சிவப்பில் "தவறு" என்று காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. அச்சில் இருந்தால் ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துப் பார்க்க வேண்டும், எங்கே கெட்டது என்று தானே தேட வேண்டும். எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் செஸ் பலகையோடு உட்கார்கிறார்கள், அதில் நான்கு பேர் பெண்கள். அங்கே நம் பத்திரிகை வருகிறது.

பாத்துமியில் கால் இறுதிக்கு வந்த எட்டுப் பேரில் நான்கு பேர் நம் நாட்டவர்கள், ஹம்பி, ஹரிகா, திவ்யா, அப்புறம் நம் சென்னை வைஷாலி. வைஷாலி டான் சோங்யியிடம் தோற்றதையும் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எத்தனை மணி நேரம் ஆடினார், எங்கே பிடி விட்டது என்று தெரிந்துகொள்ள நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஆசை இருக்காதா? இந்தக் கோப்பை இதற்கு முன் இரண்டே முறைதான் நடந்திருக்கிறது, 2021-இல் கோஸ்தெனியுக், 2023-இல் கோரியச்கினா, இரண்டு முறையும் ரஷ்யப் பெண்கள். மூன்றாவது முறை இறுதிப் பலகையின் இரண்டு பக்கமும் நம்மவர்கள். இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

உங்கள் விளையாட்டுப் பிரிவில் செஸ் தெரிந்தவர் ஒருவர் நிச்சயம் இருக்கிறார், டிசம்பர் மாதப் பக்கத்தை எழுதியவர் யாரோ அவர். அவரிடமே இந்த ஆட்டத்தையும் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இதழில் வந்தாலும் போதும், ஒரு வாரம் தள்ளிப் போனதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலையைச் சுலபமாக்க ஒரு தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த ஆட்டத்தின் 75 நகர்த்தல்களையும் என் மகள் தன் கையால் எழுதியிருக்கிறாள், அவளும் அப்பாவும் உட்கார்ந்து இரண்டு முறை சரிபார்த்தார்கள். 40-ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அச்சிடும்போது அதை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
கரூர்